குனுங்கிடுல் கிராமத்து வீட்டில் நான்கு இரவுகள்

காலைச் சாப்பாடாக வைத்த தட்டைக் கண்டதும் என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். மங்கிய பழுப்பு நிறத்தில் உதிரி உதிரியாக ஒரு பண்டம், மேலே தேங்காய்ப்பூ. "இது எங்கள் அம்மா அவித்த ஒடியல் பிட்டு அல்லவா? நீரும் ஒருக்கால் வாயில் வைத்துப் பாரும்" என்றார். வைத்துப் பார்த்தேன். ஒடியலின் கசப்பு இல்லை, ஆனாலும் நாக்கு அதை அறிந்திருந்தது. பனங்கிழங்குக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு. பெயர் திவுல். யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து இந்தோனேசியா வரை இவ்வளவு தூரம் வந்து என் மாமியாரின் குசினிக்குள் நுழைந்ததுபோல இருந்தது. அந்த ஒரு தட்டுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

மகன் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறான். கடந்த ஜூலையில் அவனிடம் போனபோது, "அம்மா, பாலிக்குப் போவோமா?" என்று கேட்டான். நான் 27 ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள். கடற்கரை விடுதியில் எனக்கு என்ன வேலை? மழையை மட்டுமே நம்பிப் பயிர் செய்யும் ஊர் ஒன்றைக் காட்டு என்றேன். அவன் தேடிப் பிடித்தது மத்திய ஜாவாவின் தெற்கில், யோக்யகர்த்தா பிரதேசத்தைச் சேர்ந்த குனுங்கிடுல் மாவட்டம். ஜாவா மொழியில் தெற்கு மலை என்று பொருள். மாவட்டத் தலைநகர் வொனோசாரி. அதற்கும் கிழக்கே, செமானு பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஊர்க்குழு நடத்தும் வீட்டுத் தங்கலில் நான்கு இரவுகள் இருந்தோம்.

எந்த வீடு என்று எழுதப் போவதில்லை. குழு முறை வைத்துத்தான் விருந்தினரை வீடுகளுக்குப் பிரித்து விடுகிறது. எல்லோரும் ஒரே வீட்டைக் கேட்டால் மற்ற வீடுகளின் வருமானம் கெடும். குனுங்கிடுலில் இப்படி விருந்தினரை ஏற்கும் ஊர்கள் பல இருக்கின்றன. "தேசா விசாத்தா", அதாவது சுற்றுலாக் கிராமம், என்று கேட்டால் காட்டுவார்கள். தேசா என்றால் அங்கே கிராமம், நம்முடைய தேசம் என்ற சொல்தான்.

ஜகார்த்தாவிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம். அங்கிருந்து வொனோசாரி 40 கிலோமீற்றர் அளவு, மலை ஏறி வளையும் பாதை. இந்தக் கடைசித் துண்டுக்கு நகரத்து முகவர் ஒருவர் மூலம் வண்டி ஏற்பாடு செய்தது தவறாகிவிட்டது. சொன்ன வாடகைக்கு மேல் கேட்டார், வழியில் கடை கடையாக நிறுத்தினார், இருட்டிய பிறகுதான் கொண்டுபோய் விட்டார். ஊர்க்குழுவிடமே வண்டி கேளுங்கள். திரும்பும்போது அப்படித்தான் வந்தோம், பாதிப் பணம்தான் ஆயிற்று.

வீடு மரத்தாலானது, நான்கு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை. தூண்கள் தேக்கு. முன் அறைக்குத் தளக்கல் பதித்திருக்கிறார்கள், குசினிக்கு மண் தரை, விறகடுப்பு. மாட்டுக் கொட்டில் குசினிச் சுவரை ஒட்டியே இருக்கிறது. சாண வாசம் பிடிக்காதவர்கள் இதை முன்பே மனதில் வையுங்கள். மெத்தையும் நுளம்பு வலையும் துப்புரவாக இருந்தன. விசிறி தேவைப்படவில்லை. ஜூலை இரவுகளில் அங்கே நன்றாகக் குளிர்கிறது. அந்தக் குளிருக்குப் 'பெடிடிங்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போர்வை கேட்டு வாங்கினோம். கழிப்பறை குந்தியிருக்கும் வகை. என் கணவரின் முழங்கால் வலிக்கு அது சிரமமாக இருந்தது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் வீட்டுக்கார அம்மாவுடன் நிலத்துக்குப் போனோம். அவர்களுக்கு 4,000 சதுர மீற்றர் நிலம், நம் கணக்கில் ஏறக்குறைய 16 பரப்பு. மண்ணைக் கண்டதும் நான் குனிந்து கையில் அள்ளினேன். செம்பாட்டு மண்! கோப்பாயிலும் உரும்பிராயிலும் கிடக்கும் அதே சிவப்பு, அடியில் அதே சுண்ணக்கல். நமக்குத் தரை தட்டையாகக் கிடக்கிறது, அவர்களுக்கோ கவிழ்த்த கிண்ணங்கள்போல எண்ணற்ற சிறு குன்றுகள். அதனால்தான் அந்தத் தொடருக்குக் குனுங் செவு, ஆயிரம் மலை, என்று பெயர். யுனெஸ்கோ 2015இல் அதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. குன்றுச் சரிவில் கிடைத்த கல்லையெல்லாம் பொறுக்கி, படிப்படியாக அணை கட்டி, ஒரு பிடி மண்ணும் மழையில் போகாதபடி வைத்திருக்கிறார்கள். சில படிகள் ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். அதற்குள்ளும் நான்கு பயிர். மழை தொடங்கும்போது மேட்டு நெல்லும் சோளமும், அவற்றின் நடுவே வரிசையாக மரவள்ளி, நெல் வெட்டிய பிறகு நிலக்கடலை. நான் போனபோது மரவள்ளி மட்டும் நின்றது. அதுவே அறுவடை.

தடியைப் பிடித்து அசைத்து ஒரே இழுப்பு. அந்த அம்மாவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், இழுப்பில் என்னைப்போல் நான்கு பேர் பலம். கிழங்கைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, கூரையிலும் கல் அணையிலும் பாதையோரத்திலும் பரப்புகிறார்கள். வெயிலில் காய்ந்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டிபோல் ஆனதும் அதற்குப் பெயர் காப்ளெக். பல மாதங்களுக்குக் கெடாது. கிழங்கு, பிளப்பு, வெயில், மூட்டை. ஒடியலுக்கு நாம் செய்வதும் இதேதான் அல்லவா?

மாலையில் வீட்டுப் பாட்டி திவுல் அவித்துக் காட்டினார். பாட்டியை அங்கே ம்பா என்று அழைக்கிறார்கள். காப்ளெக்கை இடித்து மாவாக்கி, மூங்கில் சுளகில் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் உருட்டுகிறார். மணி மணியாகத் திரள்கிறது. பிறகு அதைக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் இட்டுப் பானை வாயில் வைக்கிறார். குக்குசான் என்பது அதன் பெயர். நமக்கு நீத்துப்பெட்டி. ஓலைக்குப் பதில் மூங்கில், வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. நான் என் கையாலும் உருட்டினேன். ம்பா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "மொங்கோ, மொங்கோ" என்று சொல்லி முழுச் சுளகையும் என்னிடம் தள்ளிவிட்டார். மகனின் மொழிபெயர்ப்பு அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

1963 பஞ்சத்தைப் பற்றி அவரே சொன்னார். அப்போது அவர் சிறுமி. நல்ல கிழங்கும் இல்லாமல், மாவெடுத்த சக்கையைத் தின்ற காலம். அதனால்தான் நீண்ட காலம் திவுலை ஏழைச் சோறு என்று ஒளித்துச் சாப்பிட்டார்களாம். இப்போது வொனோசாரிக் கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், நகரத்தார் வாங்கிப் போகிறார்கள். எனக்கு 1990களின் பொருளாதாரத் தடைக் காலம் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு இயந்திரம் நின்றுபோன நாட்களில் ஒடியல் கூழ்தான் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு. என் பிள்ளைகள் இன்று அதை எப்போதாவது வரும் விசேஷமாக மட்டுமே அறிவார்கள். ம்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட சூடான பானம் வந்தது. என் கணவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். மரவள்ளிக்கிழங்கு தின்ற வாயில் இஞ்சி படக்கூடாது என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் விதித்த சட்டம். அங்கே ஒரு தலைமுறை மட்டுமல்ல, எல்லாத் தலைமுறையும் இரண்டையும் சேர்த்தே உண்கிறது. கசப்புக் கிழங்கின் நச்சைப் போக்குவது நன்றாகச் சீவுவதும் ஊறவைப்பதும் காயவைப்பதும் அவிப்பதும்தான், இஞ்சிக்கு அதில் பங்கில்லை என்று எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நாள்தான் அவர் குடித்தார்.

இனித் தண்ணீர். சுண்ணக்கல் நாட்டுக்காரருக்கு இதைச் சொல்லாமல் முடியாது. குனுங்கிடுலின் தென் பகுதியில் பெய்யும் மழை நிலத்தின் மேல் நிற்பதில்லை. கல்லின் வெடிப்புகளிலும் லுவெங் எனப்படும் செங்குத்துக் குழிகளிலும் இறங்கி, அடியில் ஆறாக ஓடுகிறது. மேலே மனிதர் தாகத்தில் இருக்க, காலுக்குக் கீழே ஆறு. செமானு பக்கத்தில் பிரிபின் என்ற குகை ஆற்றில், சுமார் 100 மீற்றர் ஆழத்தில், அணை கட்டியிருக்கிறார்கள். ஓடும் நீரின் விசையாலேயே நீரை மேலே ஏற்றும் பொறியை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தார் இந்தோனேசியருடன் சேர்ந்து அமைத்தார்கள். ஆனாலும் குழாய் எல்லா வீட்டையும் எட்டவில்லை. நாங்கள் தங்கிய வீட்டில் கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் சீமெந்துத் தொட்டிதான் முதல் நம்பிக்கை. அது வற்றினால் 5,000 லீற்றர் பவுசர் வாங்க வேண்டும். ஊர்க் குளத்தைத் தெலாகா என்கிறார்கள். நமது தடாகம் அங்கே போய் இப்படிச் சுருங்கியிருக்கிறது. ஜூலையில் அதன் பாதி வெடித்த சேறாக இருந்தது.

இங்கேதான் இந்தத் தங்கலில் எனக்குப் பெரிய குறை. தண்ணீரின் நிலைமையை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. குளியலறைத் தொட்டி எப்போதும் நிரம்பியிருந்தது, நாங்களும் ஊரில் கிணற்றடியில் குளிப்பதுபோல் அள்ளி ஊற்றினோம். இரண்டாம் நாள் மாலை, வீட்டுக்காரர் தோளில் தடி வைத்து இரண்டு கலன்களில் தண்ணீர் சுமந்து வந்து அந்தத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தேன். விருந்தினரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். குழுவுக்கு நான் எழுத்தில் கொடுத்த முதல் குறிப்பு இதுதான்: வாசலிலேயே சொல்லுங்கள், வருபவர்கள் சிக்கனமாக நடந்துகொள்வார்கள். நீங்கள் போனால் ஒரு குளியலுக்கு ஒரு வாளி என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நிலைமை வேறு. நிலாவரை போன்ற கிணறுகளும், தோண்டினால் ஊறும் தோட்டக் கிணறுகளும் இருக்கின்றன. அதனாலேயே வரம்பில்லாமல் இறைக்கிறோம். நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதை மறந்து உவராக்குகிறோம், உரத்தை அள்ளிக் கொட்டி நைத்திரேற்றைக் கிணற்றில் இறக்குகிறோம். பணியில் இருந்த காலம் முழுவதும் இதைத்தான் கூட்டம் கூட்டமாகச் சொன்னேன். அந்தத் தோளிலிருந்த தடியை நம் வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு ஒருமுறை காட்ட முடிந்திருந்தால் அவ்வளவு பேசியிருக்க வேண்டியதில்லை.

மேலும் இரண்டு குறைகள். குழு தரும் நிகழ்ச்சி நிரலில் குகைச் சவாரியும் கடற்கரையும் ஒரு முழு நாளைத் தின்கின்றன, வயல் வேலைக்கு அரை நாள்தான் மிஞ்சுகிறது. நாங்கள் சவாரியை விட்டுவிட்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் ஊர்ச் சந்தைக்குப் போனோம். லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவொன் என்று ஜாவாக்காரர்களுக்கு ஐந்து நாள் வாரம் ஒன்று தனியாக ஓடுகிறது, சந்தை அதன்படிதான். இரண்டாவது, வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மகன் இல்லாவிட்டால் பாதிக் கதையை இழந்திருப்போம். கொஞ்சம் இந்தோனேசிய மொழி தெரிந்த ஒருவரை உடன் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சம்பலில் தெராசி என்ற இறால் விழுது போடுவார்கள். "தன்பா தெராசி", தெராசி இல்லாமல், என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு எங்களுக்குத் தனியாக அரைத்தார்கள், ஒரு நாளும் தவறவில்லை. சிவப்பரிசிச் சோறும், பச்சை மிளகாயும் தெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியும் தேங்காய்ப்பாலில் கொதித்த லொம்போக் இஜோவும் சோறு அள்ள வைக்கின்றன. பாதையோரம் பொரித்த வெட்டுக்கிளி விற்கிறார்கள், மகன் தின்றான்.

இருவருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுடன் நாளுக்கு 350,000 ரூபியா கொடுத்தோம். அதில் ஒரு பகுதி குழுவின் பொது நிதிக்கு, மீதி வீட்டுக்கு. கணக்கை எழுதிய கொப்பியைக் கேட்டவுடன் காட்டினார்கள். கொடுத்த பணத்துக்கு மேல் பெற்றோம் என்பது எங்கள் இருவரின் எண்ணமும்.

புறப்படும் நாளில் வீட்டுக்காரர் நல்ல இன மரவள்ளித் தடிகள் சிலவற்றைக் கட்டிக் கொடுக்க வந்தார். வாங்க மறுத்தேன். மரவள்ளி மொசெயிக் நோய் தடியோடு பயணம் செய்யும். இலங்கையின் பெயரைத் தாங்கிய அந்த வைரஸ் 2015இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் அயல் நாடுகளுக்கும் பரவியது. அவர் முகம் வாடியது. காரணத்தை மகன் விளக்கிய பிறகு தடிகளைத் தன் வேலியோரத்திலேயே ஊன்றினார், எங்கள் பெயரில்.

மழை பார்க்க விரும்புகிறவர்கள் ஒக்டோபரில் போகலாம். வானம் கறுக்கும் முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம், நம் புழுதி விதைப்புப்போல. விடுமுறைக்கு வந்து திரும்பிய மகனிடம் ம்பாவுக்காக இரண்டு கிலோ ஒடியல் மா கொடுத்துவிட்டேன். மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்து, தெளிந்த நீரை மூன்று முறையாவது வடித்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்று அவன் கைத்தொலைபேசியிலும் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.