டர்பனில் லேப்டாப் ரிப்பேர்: கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய லேப்டாப்பைக் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ரசீது, படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

என்னுடையது ஐந்தாம் தலைமுறை ஐ5 சிப் உள்ள பழைய லேப்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும் என்பதால் இது அதற்கு ஏறாது. ஆனாலும் கோயில் தமிழ் வகுப்புப் பாடங்களும், பெரிய வெள்ளி அன்று இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலில் எடுத்த பல வருஷத்துப் படங்களும் அதில்தான் இருந்தன.

கோளாறு இதுதான். பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க்டாப் வரும், ஐகான்கள் வரும், அவ்வளவுதான். மவுஸ் அம்பு மட்டும் நகரும். எதைச் சொடுக்கினாலும் திறக்காது. கீழே கடிகாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "வாங்க அண்ணா" என்று கடைக்காரர் தமிழில் வரவேற்றார். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். அதற்குமேல் பேச்செல்லாம் இங்கிலீஷ்தான் என்றாலும், நம்ம ஆள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது இல்லையா? லேப்டாப்பை ஒருமுறை ஆன் செய்து பார்த்தார், "லோட்ஷெடிங்கில் அடிபட்டிருக்கிறது" என்றார். முறைவைத்து கரண்டை நிறுத்துவதற்கு இங்கே அதுதான் பெயர்.

இந்த ஊரில் எது கெட்டாலும் லோட்ஷெடிங் தலையில் போட்டுவிடலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பேட்டரி செத்துப்போய் சார்ஜரை நம்பியே ஓடும் லேப்டாப்பில் திடீரென்று கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல்கள் கெடும். ஆனால் பேட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போனதே லேப்டாப்புக்குத் தெரியாது. என் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதை அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் போன் வந்தது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும், 950 ரேண்ட், ஃபைல்கள் அப்படியே இருக்கும் என்றார். சரி என்றேன். வாங்கப் போனபோது பில் 2,850 ரேண்ட்: புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 1,400, விண்டோஸ் போட்டதற்கு 650, கூலி 450, சோதனைக் கட்டணம் 350. அடியில் 'வாரன்டி கிடையாது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கேட்டதற்கு, "உங்க ஹார்ட் டிஸ்க் போயே போச்சு, அதனாலதான் மாத்தினோம்" என்றார். என் ஃபைல்கள்? அதை மீட்டெடுக்கத் தனியாக 1,800 ரேண்ட் ஆகுமாம். அப்படியானால் பழைய டிஸ்க்கைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், அது பழைய சாமானோடு போய்விட்டது என்றார். போய்விட்ட டிஸ்க்கிலிருந்து 1,800 ரேண்டுக்கு எதை மீட்டெடுப்பார் என்று கேட்டேன். உள்ளே யாரையோ கூப்பிடப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. பணத்தைக் கட்டி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஆன் செய்தால், சும்மா சொல்லக் கூடாது, பறக்கிறது. ஏமாற்று வெளியே தெரியாததற்குக் காரணமே இதுதான். டிஸ்க்கையும் மாற்றி விண்டோஸையும் புதிதாகப் போட்டால், கோளாறு எதனால் வந்திருந்தாலும் பெரும்பாலும் மறைந்துவிடும். 'டிஸ்க் போச்சு' என்று அவர் சொன்னது உண்மை மாதிரியே ஆகிவிடும்.

பக்கத்து வீட்டில் திருச்சிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையன் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறார். அவரை வந்து பார்க்கச் சொன்னேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கைப் படித்துக் காட்டும். அதைப் போட்டுத் திறந்ததும் தம்பி சிரித்துவிட்டார். "அங்கிள், இதையா புதுசுன்னு கொடுத்தாங்க?" டிஸ்க் மொத்தம் ஓடிய நேரம் என்ற வரியில் 21,400 மணி என்று இருந்தது. இரவு பகலாக அணைக்காமல் ஓட்டினாலும் வருஷத்துக்கு 8,760 மணிதான். அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கேயோ ஓடிக் களைத்த டிஸ்க் 1,400 ரேண்டுக்கு என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ராம் எவ்வளவு என்று பார்த்தார். 4 ஜிபி. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. அந்த இரண்டாவது 4 ஜிபியைப் போன வருஷம் வாங்கிப் போட்டவரே இந்தத் தம்பிதான்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னவர் என் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரிப்பேர் வேலைக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. படித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட என் பில்லைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. பிரிவு 15-இன்படி, பொருளைக் கையில் வாங்கி ரிப்பேர் செய்பவர் முதலில் மதிப்பீடு சொல்லி நம் சம்மதம் வாங்க வேண்டும். நம்மைக் கேட்காமல் அதற்குமேல் வசூலிக்கக் கூடாது. பார்த்துச் சொல்வதற்கே கட்டணம் உண்டென்றால் அதையும் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பிரிவு 57-இன்படி, ரிப்பேரில் போட்ட புதுப் பாகமோ புதுப்பித்த பாகமோ, அதற்கு மூன்று மாத வாரன்டி தானாகவே உண்டு. அந்த ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. பிரிவு 67-தான் எனக்குக் கை கொடுத்தது. கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்து வைத்து, ஓரளவு சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டு நம்மிடமே திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று நாம் சொன்னால் ஒழிய அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் சண்டை போடாமல், பிரிவு எண்களோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பினேன். டிஸ்க்கின் ஓட்டக் கணக்குப் படத்தையும் இணைத்தேன். அன்று மாலையே பதில்: பழைய டிஸ்க் வேறொரு பையில் கிடைத்துவிட்டதாம். ராமும் கிடைத்துவிட்டதாம். போய் வாங்கினேன், ரொட்டிப் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். அவர்களுடைய எஸ்எஸ்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்ததும் 1,400 வந்தது. கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு விண்டோஸுக்கும் கூலிக்கும் வாங்கியதும் வந்தது.

இனி அந்த 'போயே போன' டிஸ்க்கின் கதை. தம்பி அதைத் தன் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியாகப் போட்டு, முதலில் என் படங்களையும் பாடங்களையும் காப்பி எடுத்தார். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. அப்புறம் அதே மென்பொருளில் பார்த்தார். ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறதா என்று தெரிய அதில் முக்கியமாக இரண்டு வரிகள்: கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டுமே பூஜ்யம்.

டிஸ்க்கை மறுபடி லேப்டாப்பில் மாட்டினால் பழையபடி உறைந்தது. அணைத்து ஆன் செய்து, பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தார். அதில் வரும் மெனு வழியாக சேஃப் மோடுக்குப் போனதும் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தது. சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குக் கட்டாயம் தேவையானதை மட்டும்தான் ஏற்றும். அங்கே உறையாமல் சாதாரணமாகத் திறக்கும்போது மட்டும் உறைந்தால், சந்தேகம் முதலில் போக வேண்டியது தானாகத் தொடங்கும் மென்பொருள்கள் மேலும், பாகங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் மேலும்தான். டிஸ்க் மேல் அல்ல.

விண்டோஸோடு எதெது தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, மற்றவற்றில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தார். உறையவில்லை. நிறுத்தியதில் பாதியைத் திரும்ப விட்டார். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில், சந்தா முடிந்துபோன பழைய ஆன்டிவைரஸ் ஒன்று மாட்டியது. அதற்குமேல் இன்னொரு ஆன்டிவைரஸும் போட்டிருந்தோம். லாகின் ஆன உடனே இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. பழையதை நீக்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கியது. செலவு, தம்பிக்குக் கொடுத்த டீயும் வடையும்.

உங்கள் லேப்டாப்பும் இப்படி உறைந்து, கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், சேஃப் மோடில் நுழைந்து ராம் அளவையும், டிஸ்க்கின் மாடல், சீரியல் எண், ஓடிய நேரம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். கழற்றும் பாகம் எனக்கு வேண்டும் என்று அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். அதெல்லாம் முடியாது என்று சொல்லும் கடைக்கு நான் போக மாட்டேன்.

முன்னால் சொல்லாமல் வாங்கிய அந்த 350 ரேண்ட் சோதனைக் கட்டணம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு நுகர்வோர் பொருள்-சேவை ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோருக்கு அங்கே கட்டணம் கிடையாது. பதில் வந்ததும் இதன் கீழே எழுதுகிறேன்.