குடி தாய்வழி, பத்திரம் தந்தைவழி: கிராம்ப்ஸில் குடும்ப வரலாறு எழுதிய அனுபவம்

மட்டக்களப்பில் குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இரண்டு பாதைகள் உண்டு. அரசாங்கப் பத்திரங்கள் அப்பாவின் வழியைப் பிடித்துக்கொண்டு போகும். ஊரின் ஞாபகம் அம்மாவின் வழியைப் பிடித்துக்கொண்டு போகும். என் வீட்டில் இந்த இரண்டும் இன்னும் தூரமாக விலகி நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் குலப் பிரிவு. அம்மா மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல தலைமுறை வேர்விட்ட குடியைச் சேர்ந்தவர். அப்பா பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1974இல், தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், செங்கலடி வீதி வழியாக வயல் வேலைக்கு இறங்கி வந்தவர். 2020 முடக்கக் காலத்தில் இவற்றை எழுதி வைக்கத் தொடங்கினேன். அன்று முதல் இன்றுவரை நான் பயன்படுத்தி வருவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். அதைப் பற்றியும் அதற்குள் போடத் தகவல் கிடைத்த இடங்களைப் பற்றியும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலையில் இறங்கும் ஒருவருக்காவது உதவும்.

கிராம்ப்ஸுக்கு முன்னர் இணையத்தில் கட்டணம் கேட்கும் ஒரு வம்சாவளிச் சேவையைப் பயன்படுத்திப் பார்த்தேன். குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர் எனக்கு முதலெழுத்து, என் கணவரின் பெயர் என் பிள்ளைகளுக்கு முதலெழுத்து. ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர் மாறிக்கொண்டே போகும். அந்தச் சேவையோ முதலெழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அதே பெயருள்ள முன்பின் தெரியாதவர்களையெல்லாம் உறவினராக இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை விட்டுவிட்டேன்.

கிராம்ப்ஸில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு சின்ன வசதி. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பப் பெயர்கள் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே ஒரு பட்டியலில் தேர்வு செய்யலாம். தந்தை பெயரால் வந்தது, தாய்வழி மரபால் வந்தது, தொழிலால் வந்தது, இடத்தால் வந்தது என்று அதில் தனித்தனியாக இருக்கின்றன. அம்மம்மாவின் பதிவைத் திறந்து காலிங்கா குடி என்று எழுதி, தாய்வழி மரபு என்று குறித்து, அதையே முதன்மைப் பெயராக வைத்தேன். அவருடைய தகப்பனாரின் பெயரை இரண்டாவதாக வைத்தேன். அம்மாவுக்கும் அப்படியே, எனக்கும் அப்படியே, என் மகளுக்கும் மகனுக்கும் அப்படியே. பிறகு ஆட்களின் பட்டியலைத் திறந்தால் காலிங்கா குடி என்ற ஒரே தலைப்பின் கீழ் அம்மம்மாவின் தாயிலிருந்து என் பிள்ளைகள் வரை வரிசையாக நிற்கிறார்கள். என் அண்ணாவும் அந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் மட்டும் இல்லை. அவர்கள் அண்ணியின் குடியான உலகிப்போடி குடிக்குப் போய்விட்டார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்த முறை கணினித் திரையிலும் பிசகாமல் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஒரு குறிப்பு: புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும்போது தகப்பனின் பெயரைத் தானாகவே நிரப்பும் அமைப்பு இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் போய் அதை நிறுத்திவிட்டுக் கையால் எழுதுவதுதான் நமக்குச் சரி.

குடி விபரம் சேகரிக்கக் கோயிலடியைவிடச் சிறந்த இடம் இல்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் வண்ணக்கர் எனப்படும் கோயில் நிர்வாகியின் உரிமை குடி வழியாக வருவது. திருவிழாக் காலத்தில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பது பற்றிப் பேச்சு எழாமல் இருக்காது. அந்தப் பேச்சில் நான்கு தலைமுறைக்கு முந்தைய பெயர்கள் சரளமாக வந்து விழும். வயதான பெண்களிடம் "இன்னார் என்ன குடி?" என்று கேட்டால் குடியோடு நிற்க மாட்டார்கள். எந்த வயிற்றுவார் (குடிக்குள் ஒரு தாயின் வயிற்று வழி வந்த கிளை), எந்தத் தாயின் எத்தனையாவது மகளின் கிளை என்றும் சொல்வார்கள். ஆண்களிடம் காணிக் கணக்குக் கேட்கலாம், பெண்களிடம் வயிற்றுக் கணக்குக் கேட்க வேண்டும். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிடையே இதே தாய்வழிக் குடி முறை இருக்கிறது. என்னோடு படிப்பிக்கும் அக்கரைப்பற்று ஆசிரியை தன் குடும்பத்துக்கும் கிராம்ப்ஸில் இப்படியே எழுதத் தொடங்கியிருக்கிறார். ஹிஜ்ரி நாட்காட்டியிலேயே திகதி போட முடிவது அவருக்குப் பெரிய உதவி.

குடியைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடிக்குப் பின்னால் சாதி நிற்கிறது. யார் முன்னே, யார் பின்னே என்ற கணக்கில் அவமானப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிலர் தங்கள் குடியைச் சொல்ல விரும்ப மாட்டார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

திகதிகள்தான் பெரும் பாடு. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1867இல் வந்தாலும் அது கட்டாயமானது 1897இல்தான். அதன் பிறகும் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் பதியப்பட்டதாகச் சொல்ல முடியாது. அம்மம்மாவிடம் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ். ஆனால் 1957 வெள்ளத்தில் தான் மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்தில் இருந்ததை அவர் துல்லியமாகச் சொல்வார். இரண்டாவது பிள்ளைக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிறப்புகளுக்குக் காலம் கிடைத்துவிட்டது. கிராம்ப்ஸில் "ஏறத்தாழ", "முன்னர்", "பின்னர்" என்று திகதி போடலாம். அதை ஏன் அப்படிப் போட்டோம் என்பதையும் ஆதாரம் என்ற பகுதியில் எழுதி இணைக்கலாம். 1978 நவம்பர் சூறாவளி எங்கள் ஊரில் இதுபோலவே எல்லோருக்கும் ஓர் அளவுகோல். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றிடம் கடதாசியே இல்லை. அங்கே கேட்டறிவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒலிப்பதிவைக் கைத்தொலைபேசியில் எடுத்து, அந்தக் கோப்பையே ஆதாரமாக இணைத்துவிடுகிறேன்.

அம்பாறைப் பக்கத்து உறவினரைத் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம்தான். இடங்களைக் கிராம்ப்ஸில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எந்த ஆண்டு வரை எதற்குள் இருந்தது என்று குறிக்க முடியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இனி அப்பாவின் பக்கம். அங்கே குடி கிடையாது. குலதெய்வமும் பங்காளிகளும் உண்டு. அம்மா வீட்டு முறைக்கு நேர்மாறாகப் பெண் கட்டிக்கொடுத்ததும் கணவனின் தெய்வத்துக்குப் போய்விடுவாள். அப்பாவின் முறைப்படி நான் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டவள். அம்மாவின் முறைப்படி வழியைக் கொண்டுபோவதே நான்.

அந்தப் பக்கத்துப் பத்திரங்கள் பயத்தின் பத்திரங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஒருவருடைய அப்பா இலங்கையில் பிறந்தாரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்களா என்று கேட்டது. எங்கள் தலைமுறையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கும்; பூட்டனாருக்கும் ஒரு கட்டம் இருக்கும். பாட்டிக்குக் கட்டம் இல்லை. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் மாறியது 2003இல்தான். என் சான்றிதழில் அந்த இரண்டு கட்டங்களிலும் கோடு இழுத்திருக்கிறது. பூட்டன் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்தவர். தாத்தா தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தும் பதியப்படாதவர்.

1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் தாத்தா விண்ணப்பித்தார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. மணமானவர் 1946க்கு முன் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பங்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தும் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான். தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தின் பிரதியை அப்பாவின் தாயான அப்பாயி பித்தளைச் செம்புக்குள் சுருட்டி வைத்திருந்தார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மனைவி மக்கள் யார் யார் என்று வரிசையாக அதில் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட அந்தக் கடதாசிதான் எங்கள் குடும்பத்தின் மிக விரிவான ஆவணம். இப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கலாம்; தயவுசெய்து தூக்கி எறிய வேண்டாம்.

அதில் இல்லாத ஒன்று இந்தியாவில் எந்த ஊர் என்பது. அங்கே தொடர்பு இருப்பதாகத் தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும் என்று பயந்து, தாத்தா ஊர்ப் பெயரை வீட்டில்கூட உச்சரிக்கவில்லை. குலதெய்வத்தின் பெயரை மட்டும் அப்பாயி விடவில்லை. ஆடி மாதத்தில் முற்றத்தில் கல் நட்டுப் பொங்கல் வைத்தவர் அவர். அந்தத் தெய்வத்தின் பெயரோடு அவர் சொன்ன மலையின் பெயரையும் சேர்த்துத் தேடியதில் துறையூர்ப் பக்கம் வந்து நின்றது. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போன சித்தப்பாவின் பிள்ளைகள் இப்போது கூடலூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறார்கள். அவர்கள் நேரில் போய் விசாரித்து உறுதி செய்தார்கள்.

அப்பா அம்மாவைக் கட்டியபோது, "மாப்பிள்ளைக்கு என்ன குடி?" என்று கேட்டவர்கள் உண்டு. பதில் இல்லை. ஆனால் பிள்ளைகள் நாங்கள் பிறந்ததும் அந்தக் கேள்வி முடிந்தது. காலிங்கா குடிப் பெண்ணின் வயிற்றில் பிறந்த பிள்ளை காலிங்கா குடிதான். அதில் பேச்சுக்கு இடமில்லை. எங்கள் பக்கத்தில் வந்தேறிகள் ஒரே தலைமுறையில் ஊராராக ஆனது இந்த வழியால்தான் என்று நான் நம்புகிறேன். இதன் விலையும் இருக்கிறது: அப்படி வந்து சேர்ந்த ஆண்களின் பூர்வீகம் தாய்வழிக் கணக்கில் அழிந்துவிடுகிறது. அம்மம்மாவின் பக்கத்திலேயே இரண்டு பூட்டன்களின் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவருடைய சாட்சிக் கையெழுத்து ஒரு பழைய சீதன உறுதியில் (சீதனச் சொத்துப் பத்திரத்தில்) கிடைத்தது. நொத்தாரிசு உறுதிகளில் சாட்சிகளையும் எல்லைக் காணிக்காரர்களின் பெயர்களையும் பாருங்கள். உறவினர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

இணையத்தில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது நூலகம் எண்ணிம நூலகம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வரும் அவர்கள் இறந்தவர்களுக்காக வெளியிடப்படும் 31ஆம் நாள் நினைவு மலர்களையும் வருடியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மலரின் முதல் சில பக்கங்களில் பெற்றோர், சகோதரர், சம்பந்தி வரை கிடைத்துவிடும். துதிப் பாடல்களைத் தாண்டிப் பொறுமையாக வாசித்தால் போதும். வெளிநாட்டுப் பெரிய தளங்களில் கிழக்கிலங்கைத் தமிழருக்குக் கிடைப்பது சொற்பம்.

காணாமல் போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990இல் பிடித்துக்கொண்டு போகப்பட்ட என் மாமாவுக்கு மரணத் திகதி இல்லை. மாமியும் இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. கிராம்ப்ஸில் நமக்கு வேண்டிய நிகழ்வு வகையை நாமே உருவாக்கலாம். "காணாமல் போனது" என்று ஒன்றை உருவாக்கி, அந்த நாளையும் இடத்தையும் பதிந்து, மரணம் என்ற இடத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன். மாமி அதைப் பார்த்து, "அப்படியே இருக்கட்டும் மகள்" என்றார்.

குறைகள் என்று பார்த்தால், பழகக் காலம் பிடிக்கும். கைத்தொலைபேசியில் வேலை செய்து பழகியவர்களுக்குக் கணினி தேவைப்படுவதே தடையாக இருக்கும். வேறு மென்பொருளுக்கு மாற்றும் பொதுவான கோப்பு வடிவத்தில் நாம் சேர்த்த எல்லா விபரமும் மறுபுறம் முழுமையாகப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே கிராம்ப்ஸின் சொந்தக் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். வெளியே அனுப்பும்போது உயிரோடு இருப்பவர்களின் விபரங்களை நீக்கும் தெரிவைப் போட்டுவிட்டு அனுப்புங்கள். நான் கூடலூருக்கு அனுப்பிய கோப்பில் காலமானவர்கள் மட்டும்தான். அங்கேயிருந்து அவர்கள் பங்காளிகளின் பட்டியலை நிரப்பி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்; அடுத்த வேலை, திருமணத்தோடு அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்ட பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்ப்பது.