சென்னை – புனே வீடு மாற்றம்: பார்ட் லோடா, தனி லாரியா, ரயிலா, விற்றுவிட்டுப் போவதா?

பல்லாவரம் வீட்டைக் காலி செய்து புனே வாகடுக்குப் போனபோது சாமான்களைப் பார்ட் லோடில் அனுப்பினோம். அடுத்த வருடம் என் மைத்துனர் குடும்பம் குரோம்பேட்டையிலிருந்து அதே ஊருக்குத் தனி லாரியில் வந்தது. எங்களுக்கு முன்பே அலுவலக நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இரண்டு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக் கணக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொட்டேஷனில் தெரிந்த வித்தியாசம் ஒன்று, கடைசியில் கையை விட்டுப் போன காசின் வித்தியாசம் வேறொன்று.

தூரம் சாலை வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்பள்ளி, பெலகாவி, கோலாப்பூர், சத்தாரா என்று பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 48-லேயே போகலாம். நேராக ஓடினால் லாரிக்கு இரண்டு, மூன்று நாள். நேராக ஓடுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பார்ட் லோடு: 34,000 ரூபாய் 52,100 ஆன கதை

பார்ட் லோடு என்றால் உங்கள் சாமானோடு இன்னும் இரண்டு மூன்று குடும்பத்துச் சாமானும் ஒரே வண்டியில் ஏறும். எங்களுக்கு வந்த கொட்டேஷன் எல்லாம் சேர்த்து 34,000. ஆறு நாளில் வந்துவிடும் என்றார்கள். நாங்களும் அதை நம்பி, வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சத் தேதி குறித்துவிட்டோம்.

ஆறாம் நாள் போன் செய்தால், "சார், வண்டி பெங்களூர் குடோன்ல இருக்கு, நாளைக்குக் கிளம்பிடும்" என்றார்கள். ஒன்பதாம் நாளும் அதே பதில். பெங்களூரில் இறக்கி, அங்கே சேரும் சாமானோடு சேர்த்து வேறு வண்டியில் ஏற்றுவது இந்தத் தொழிலின் வழக்கம். அந்த இரண்டாவது வண்டி நிறையும் வரை யாரும் கிளம்புவதில்லை. சாமான் வந்தது பதிமூன்றாம் நாள். புதிதாக வாங்கிய இன்டக்‌ஷன் அடுப்பில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துத்தான் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்த பால் அடுப்புக்குள் இறங்கி, அது பீப் பீப் என்று கத்தி அணைந்தது தனிக்கதை.

கணக்கைப் பாருங்கள். தரையில் படுக்க முடியாமல் வாங்கிய இரண்டு மெத்தை 5,000. மூன்று பேருக்கு வெளிச்சாப்பாடு ஒரு நாளைக்கு 700 என்று பதிமூன்று நாளுக்கு 9,100. அடுப்பும் பாத்திரமும் 2,500. மூன்றாம் மாடி என்று சொல்லி இறக்குக் கூலியில் கூடுதலாகக் கேட்டு வாங்கியது 1,500. ஆக 52,100.

தனி லாரி: தேதி உங்கள் கையில்

மைத்துனர் 14 அடி வண்டி பேசினார். குட்டி யானையில் இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் அடங்காது. 17 அடி எடுத்தால் காலி இடத்துக்கும் வாடகை. முதலில் 60,000 கேட்டார்கள். அது ஆடி மாதம். ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள் என்பதால் லோடுமேன்கள் சும்மா இருப்பார்கள். அதைச் சொல்லியே 4,000 குறைத்தார். அவருடைய மாமியாருக்கு மட்டும் இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. கடைசியில் சாமான் ஆடியில் வந்தது, பால் ஆவணியில் காய்ந்தது. இருவருக்கும் மரியாதை நின்றது.

ஏற்றிய மூன்றாம் நாள் காலையில் வண்டி சொசைட்டி வாசலில் நின்றது. வழியில் எங்கேயும் இறக்கி ஏற்றாததால் பீரோ கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கட்டிலைக் கழற்றிய லோடுமேன் போல்ட்டுகளை ஒரு பிஸ்கட் கவரில் போட்டு, கட்டில் காலோடு சேர்த்துச் செலோ டேப் சுற்றியிருந்தார். எங்கள் கட்டிலின் போல்ட்டுகள் பெங்களூர் குடோனிலேயே தங்கிவிட்டன என்பதால் இதை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தேன். வண்டிக்கு 56,000, மூன்று நாள் சாப்பாட்டுக்கு 2,000, மொத்தம் 58,000. கொட்டேஷனில் எங்களைவிட 22,000 அதிகம். முடிவில் 5,900தான் அதிகம்.

இதனால் பார்ட் லோடு ஏமாற்று என்று ஆகிவிடாது. குடும்பம் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் மட்டும் முன்னால் போய் அலுவலக விடுதியில் தங்குவதாக இருந்தால் அந்த 22,000-த்தில் பெரும்பகுதி நிஜமாகவே மிச்சம். சாமானுக்காக யாரும் காத்திருக்காத வீட்டுக்குப் பார்ட் லோடு, காத்திருக்கும் வீட்டுக்குத் தனி லாரி என்பது என் கட்சி.

இடையில் இன்னொரு வழியும் உண்டு. வெளிமாநில லாரிகள் சென்னையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பாமல் ரிட்டர்ன் லோடு தேடும். எம்.எச். 12 என்று எண் தொடங்கினால் அது புனே வண்டி, எம்.எச். 14 என்றால் பிம்ப்ரி-சிஞ்ச்வாட். மாதவரம் பக்கம் புக்கிங் ஆபீஸ்களில் விசாரித்தால் கிடைக்கும். வாடகை குறையும்; ஆனால் கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. நான்கு தடியான நண்பர்கள் இருந்தால் யோசிக்கலாம்.

கொட்டேஷன் தாளில் பார்க்க வேண்டியவை

எங்களுக்கு வந்த ஒரு தாளில் "இ-வே பில் கட்டணம்" என்று 1,500 ரூபாய் போட்டிருந்தார்கள். இ-வே பில் என்பது சரக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அதுவே தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. கேட்டவுடன் சத்தமில்லாமல் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். நீங்கள் சொல்லும் மதிப்பில் 3 சதவீதம் என்று எங்களிடம் கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி எண் வருமா, அல்லது 'எஃப்.ஓ.வி.' (ஃபிரெய்ட் ஆன் வேல்யூ) என்று சாமான் ஏற்றும் கம்பெனியே வைத்துக்கொள்ளும் தொகையா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. இன்ஷூரன்ஸ் இல்லையென்றாலும் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொஞ்சம் துணைக்கு நிற்கிறது. அதிக மதிப்பை எழுதிக் கொடுக்காத சரக்குக்குச் சேதம் வந்தால், கட்டிய வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை கேட்கலாம். வழக்குப் போடுவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் கையில் எல்.ஆர். என்ற லாரி ரசீது இருக்க வேண்டும். வெறும் விசிட்டிங் கார்டு போதாது.

சாமான் பட்டியலில் கையெழுத்துப் போடும்முன் ஒருமுறை படியுங்கள். புது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் "பழையது, கீறல் உண்டு" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். கடைசித் தவணையை இறக்கி முடித்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுவதும் நல்லது.

விற்றுவிட்டுப் போவது

நண்பர் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா எல்லாவற்றையும் 38,000-க்குத் தள்ளினார். புனேயில் அதே சாமான்களை மாதம் 3,500-க்கு வாடகைக்கு எடுத்தார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தபோது வாடகை 38,500 ஆகியிருந்தது. அவர் பன்னிரண்டாம் மாதம் ஹைதராபாத் போய்விட்டதால் கெட்டிக்காரர் ஆனார். அங்கேயே மூன்று வருடம் இருந்திருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

இதில் சாமானுக்குச் சாமான் கணக்கு மாறும். ஐந்து வருடப் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியைக் கழற்றி மாட்டினால் ஆணி பிடிக்காது. அதை விற்பதே சரி. தேக்குக் கட்டிலை விற்ற விலைக்குத் திரும்ப வாங்கவே முடியாது. கிரைண்டர் கனம் என்று விற்றுவிட்டுப் போனால், அங்கே கடைக்காரர் மிக்ஸியைத் தூக்கிக் காட்டுவார். கேஸ் சிலிண்டரை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சரும் டெபாசிட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரயில்

மும்பை போகும் ரயில்களில் சில குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாகப் புனேயைத் தொட்டுப் போகின்றன. வீட்டையே பார்சலில் அனுப்புவதற்கு ரயில் சரிப்படாது. எந்த வண்டியில் ஏறும், எப்போது இறங்கும் என்று ஸ்டேஷனிலேயே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வந்தும் நேரத்துக்கு எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் வேறு. ஆனால் கூடவே கொண்டுபோகும் சுமைக்கு ரயிலை மிஞ்ச ஆளில்லை. மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் தலைக்கு 40 கிலோ இலவசம், இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேர் என்றாலே 80 கிலோ. குக்கர், இரண்டு பாத்திரம், அடுப்பு, ஒரு வார உடை, போர்வை எல்லாம் அதில் அடங்கும். நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்த 52,100-ல் பத்தாயிரமாவது குறைந்திருக்கும்.

லாரியைவிடப் பெரிய தொகை

எந்த வழியில் போனாலும் மாறாத ஒன்று வாடகை வீட்டு அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் எங்கள் 15,000 ரூபாய் வீட்டுக்கு ஒரு லட்சம் கொடுத்திருந்தோம். காலி செய்து இருபது நாள் கழித்து, பெயின்ட் அடிக்க 15,000 பிடித்துக்கொண்டு 85,000 வந்தது. புனேயில் சாவி வாங்கும்போதே டெபாசிட் 72,000, முதல் மாத வாடகை 24,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 24,000 என்று 1,20,000 வைக்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிராவில் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால் அதற்கும் ஒரு செலவு. இங்கேயிருந்து வரவேண்டிய பணம் வருவதற்கு முன் அங்கே கொடுக்க வேண்டிய பணம் கிளம்பிவிட்டது. நாங்கள் பார்ட் லோடைப் பிடித்ததற்கு உண்மையான காரணமே இதுதான்: அந்த வாரம் கையில் 56,000 இல்லை.

பைக்

தனி லாரியில் இடமிருந்தால் அதிலேயே ஏற்றிவிடுங்கள். ரயிலில் போட்டால் பெட்ரோலை முழுக்க வடித்து, சாக்குச் சுற்றி, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீஸில் நிற்க வேண்டும். இன்னொரு மாநிலத்தில் வண்டி 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) படிவம் 28-ஐச் சென்னையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம். நான் இதைத் தள்ளிப்போட்டு, அந்த ஒரு தாளுக்காகப் புனேயிலிருந்து இரண்டு முறை சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.