சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம்

டைல்ஸ் பளபளப்பை விடுங்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்குப் பார்க்க வேண்டியது குதிகாலும் வால் எலும்புப் பக்கமும்தான். சிவந்த இடம் விரலால் அழுத்தினாலும் வெளுக்காவிட்டால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததாகச் சார்ட் சொல்கிறது; ஆனால் ராத்திரி ஷிப்ட் கட்டங்கள் எல்லாம் காலையில் ஒரே பேனாவில் நிரம்புகின்றன!

மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை 30 டிகிரிக்குமேல் உயர்த்தி, முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே விடுகிறார்கள். உடனே படுக்க வைத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இதில் குறையில்லை. யூரின் பையைத்தான் இடுப்புக்குமேல் கட்டில் கம்பியில் மாட்டுகிறார்கள். சிறுநீர் திரும்பி ஏறினால் தொற்று வரும் ஆபத்து அதிகம். பிசியோதெரபி அருமை, செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதே இல்லை. ஏர் பெட் (படுக்கைப்புண்ணைத் தவிர்க்க உதவும் காற்று மெத்தை) வாடகை தனி பில், முன்பே கேளுங்கள்.