கார் ஏசிக்கு கேஸ்: டாப்-அப்பா, மெஷினா, டப்பாவா?

சித்திரை பிறந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் கார் ஏசி கடைகளில் காதில் விழுவது, "கேஸ் கம்மி சார், அடிச்சிடலாம்". ஏசி ஒரு மூடிய சுற்று. ஓட்ட ஓட்டக் கேஸ் செலவாகாது. குறைந்தால் வெளியேதான் போயிருக்கும். ரப்பர் குழாய், ஓ-ரிங் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஒரே வெயில் காலத்தில் குளிர்ச்சி நின்றுபோனால் எங்கோ லீக்.

மலிவானது டாப்-அப், அதாவது உள்ளே இருக்கும் கேஸோடு மேலும் ஏற்றுவது. கேஜ் மாட்டி, பிரஷர் பார்த்து, சிலிண்டரைத் திறப்பார்கள். அரை மணி நேர வேலை. ஆனால் பிரஷர் மட்டும் உள்ளே எத்தனை கிராம் என்று சொல்லாது. நிறுத்திய வண்டியில் ஆர்134ஏ (கார் ஏசி கேஸ்) திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும், 35 டிகிரியில் கேஜ் சுமார் 115 பிஎஸ்ஐ தான் காட்டும். ஓடும்போதோ வெயில், இன்ஜின் வேகம், ஃபேன் எல்லாம் முள்ளை ஆட்டும். மிகுதியாக ஏற்றினால் குளிர்ச்சியும் குறையும், கம்ப்ரசருக்கும் பாரம்.

மெஷின் பழைய கேஸை உறிஞ்சி எடை காட்டும். பிறகு வேக்கம் போட்டு (உள்ளே காற்றில்லாமல் உறிஞ்சி), ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றி, பானட் ஸ்டிக்கரில் உள்ள அளவை எடைபோட்டு ஏற்றும். காசு கூடத்தான். ஆனால் அந்த எடை தெரிவதற்கே காசு கொடுக்கலாம். 450 கிராம் பிடிக்கும் வண்டியில் 380 வந்தால் நிம்மதி. 100 தான் வந்தால் ஏற்றச் சொல்லாதீர்கள், முதலில் லீக் பார்க்கச் சொல்லுங்கள். "வேக்கம் இறங்காம நின்னுச்சு, லீக் இல்லை" என்பதும் போதாது. சின்ன ஓட்டை வேக்கத்தில் தெரியாமல் போகலாம். நைட்ரஜன் அடித்து சோப்பு நுரை வைத்தால் பெரும்பாலும் அகப்படும்.

நாமே ஏற்றிக்கொள்ள ஆன்லைனில் விற்கும் கேஸ் டப்பாவை நான் வாங்கமாட்டேன். வேக்கம் கிடையாது, டப்பாவின் குழாயில் இருக்கும் காற்றும் சேர்ந்தே உள்ளே போகும். லீக் அடைக்கும் மருந்து கலந்த டப்பா என்றால், பிறகு மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர் தன் மெஷின் அடைத்துக்கொள்ளுமோ என்று வண்டியைத் தொடவே யோசிப்பார்.

நம்ம ஊரில் லீக் என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மேல்தான். ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கடற்காற்றின் உப்பை முதலில் வாங்குவது அது. கடலூர் கடற்கரையில் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, தினமும் ஈசிஆரில் ஓட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். கண்டென்சர் கம்பிவலையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் டாப்-அப் காசு வீண். புதுக் கண்டென்சர் போடும்போது ஈரம் உறிஞ்சும் பாகமான டிரையரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். திறந்து கிடந்த டிரையர் காற்றிலிருந்த ஈரத்தை ஏற்கெனவே குடித்திருக்கும்.