தேன் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகள்: இ.எல்.எஸ்.டி. டிடெக்டரும் இறங்காத பேஸ்லைனும்

உணவுப் பரிசோதனைக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடல் இ.எல்.எஸ்.டி. டிடெக்டரின் (திரவ நிறப்பகுப்புக் கருவியில் பிரிந்து வரும் பொருள்களை ஒளிச்சிதறல் மூலம் அளக்கும் பகுதி) விலை இப்போது குறைந்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டார். மூன்று மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த கருவி அது என்பதால், ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் தேன். சர்க்கரைகள் புற ஊதா ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், மொபைல் ஃபேஸை (மாதிரியைச் சுமந்து செல்லும் கரைப்பான் கலவையை) நைட்ரஜனால் தூவலாக்கி, சூடான குழாயில் ஆவியாக்கி, மிஞ்சும் நுண்துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அளக்கும் இந்த முறை எங்களுக்குப் பொருந்தியது. சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரிக்க அமினோ வகைப் பிரிகைக் குழாய், மொபைல் ஃபேஸாக 75 பங்கு அசிட்டோநைட்ரைல், 25 பங்கு தண்ணீர், நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் ஓட்டம். முதல் நான்கு ஆண்டுகள் பேஸ்லைன் (மாதிரி எதுவும் வராதபோது டிடெக்டர் காட்டும் அடிமட்ட அளவு) 8 மில்லிவோல்ட்டைத் தாண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டில் அது 20, 35 என்று ஏறி, ஒரு நாள் 60-இல் போய் நின்றுகொண்டது. வரைபடத்தில் சுக்ரோஸைக் காட்டும் சிறிய உச்சி அந்த இரைச்சலில் அடையாளம் தெரியாமல் போயிற்று. தேனில் சுக்ரோஸ் பொதுவாக 100 கிராமுக்கு 5 கிராமை மீறக்கூடாது என்பது கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரநிலை) வரம்பு. அந்த வரம்பை ஒட்டி வரும் மாதிரிக்கு இப்படிப்பட்ட வரைபடத்தை நம்பி எப்படிக் கையெழுத்திட முடியும்?

விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் இரண்டு முறை வந்தார். முதல் முறை தூவலாக்கும் நெபுலைசரை மாற்றினார், அடுத்த முறை விளக்கை மாற்றினார். இரண்டுக்கும் கணிசமான தொகை கட்டினோம். பேஸ்லைன் ஒரு வாரம்கூடத் தாழ்ந்து நிற்கவில்லை. மொபைல் ஃபேஸுக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். பம்பை நிறுத்தி, வாயுவை மட்டும் ஓடவிட்டபோது அளவு 3 மில்லிவோல்ட்டுக்கு விழுந்தது. ஆகவே விளக்கு, ஒளியறை, நைட்ரஜன் மூன்றின் மீதும் குற்றமில்லை. நாங்கள் பணம் கட்டி மாற்றிய விளக்கு கெட்டிருக்கவே இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அமினோ குழாயின் பூச்சு தண்ணீரில் மெல்லக் கழன்று வரும் இயல்புடையது என்பதால் அடுத்த சந்தேகம் அதன்மீது விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு வெறும் இணைப்பான் மாட்டி ஓட்டியபோதும் 57-க்குக் கீழே இறங்கவில்லை. அசிட்டோநைட்ரைலை மட்டும் ஓட்டினேன்: 6. தண்ணீரின் பங்கைக் கூட்டக் கூட்ட எண்ணும் ஏறிக்கொண்டே போனது.

எங்கள் சுத்திகரிப்புக் கருவியின் திரையோ மிகத் தூய நீருக்குரிய 18.2 மெகாஓம் மின்தடை என்றே காட்டிக்கொண்டிருந்தது. இங்கேதான் நான் ஏமாந்திருந்தேன். அந்த எண் தண்ணீரில் உள்ள அயனிகளை மட்டுமே சொல்லும். சிலிக்கா மிகக் குறைவாகவே அயனியாவதால், பழைய சுத்திகரிப்புக் கார்ட்ரிட்ஜிலிருந்து முதலில் நழுவி வருவதும் அதுதான், மின்தடை அளவியின் கண்ணில் படாமல் போவதும் அதுதான். ஆவியாகாத எதையும் துகளாகப் பார்க்கும் இந்த டிடெக்டரின் கண்ணுக்கு மட்டும் அது தப்பாது. உறுதிப்படுத்திக்கொள்ள, எங்கள் தண்ணீரையும் எல்.சி.எம்.எஸ். தரத்தில் விற்கப்படும் மிகத் தூய புட்டித் தண்ணீரையும் ஒரே வகையான இரண்டு டெஃப்ளான் கிண்ணங்களில் கால் லிட்டர் வீதம் சிறிது சிறிதாக ஊற்றி வற்றவைத்தேன். புட்டித் தண்ணீர் வற்றிய கிண்ணத்தில் எதுவும் தெரியவில்லை. எங்களுடையதில், விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் தெரியும் அளவுக்கு, மெல்லிய வெண்வளையம் ஒன்று படிந்திருந்தது.

சிறு கறைதானே என்று தோன்றலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கசடு உள்ள மொபைல் ஃபேஸ், எங்கள் ஓட்ட வேகத்தில், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராமை இடைவிடாமல் டிடெக்டருக்குள் செலுத்துகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள எங்கள் ஆகத் தாழ்ந்த ஸ்டாண்டர்டில் (சர்க்கரையின் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலில்) 20 மைக்ரோலிட்டர் செலுத்தினால் உள்ளே போவதும் அதே ஒரு மைக்ரோகிராம்தான்.

கார்ட்ரிட்ஜை மாற்றினோம். கண்ணாடிப் புட்டிகளைச் சோப்பில் கழுவுவதை நிறுத்தி, மொபைல் ஃபேஸுக்கென்றே தனியாக ஒதுக்கினோம். பம்பின் உறிஞ்சு வடிகட்டியையும் புதிதாக்கினோம். பேஸ்லைன் 7-க்கு வந்தது. ஐந்து மாதமாக அங்கேயே இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் டிடெக்டர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. ஒளிவிலகலை அளக்கும் ஆர்.ஐ. டிடெக்டரில் நினைத்தும் பார்க்க முடியாத, கரைப்பான் விகிதம் ஓட்டத்தின்போதே மாறும் கிரேடியன்ட் ஓட்டத்தை இது தாங்குகிறது. அதனால்தான் கலப்படச் சர்க்கரைப் பாகு சேர்ந்த மாதிரிகளில் பின்னால் வரும் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளை எங்களால் காண முடிகிறது. சென்ற மாதம் அப்படி ஒரு மாதிரியில், மால்டோஸுக்குப் பின்னே படிக்கட்டுபோல வரிசையாக எழுந்த உச்சிகளைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருக்கு வேண்டியது ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ், சுக்ரோஸ் மூன்றும்தான்; அதற்கு ஆர்.ஐ. போதும். விலை எவ்வளவு குறைந்தாலும், தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தெரியாத சர்வீஸை நம்பி இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.