பழைய என்லார்ஜர்: கண்டென்சர் ஹெட்டா, கலர் ஹெட்டா?

நெகட்டிவைப் பெரிதாக்கி இருட்டறையில் பிரிண்ட் அடிக்கும் கருவி என்லார்ஜர். பழையதொன்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராண்டை. டர்ஸ்ட்டா, மியோப்டாவா, எல்.பி.எல்.லா என்று. தூணும் அடிப்பலகையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிரிண்டின் முகத்தையே மாற்றுவது மேலே உட்கார்ந்திருக்கும் விளக்குத் தலை. அது இரண்டு வகை. கண்டென்சர் ஹெட்டில் பால்நிறப் பல்பின் ஒளியை ஒன்றிரண்டு தடித்த குவிலென்ஸ்கள் திரட்டி நெகட்டிவ் வழியாக நேராக லென்ஸுக்குள் அனுப்பும். கலர் ஹெட்டில் ஹாலஜன் பல்பின் ஒளி மஞ்சள், மெஜந்தா, சயான் ஃபில்டர்களைக் கடந்து, உள்ளே வெள்ளை பூசிய பெட்டியில் மோதிக் கலங்கி, பால்கண்ணாடி வழியாக நெகட்டிவ் மேல் எல்லாத் திசையிலிருந்தும் விழும். கறுப்பு வெள்ளை மட்டும் அடிப்பவருக்கு எதற்கு கலர் ஹெட் என்ற கேள்வி வருவது இயல்பு. அதற்கான பதில் பேப்பரில் இருக்கிறது.

அதற்கு முன் ஒளியின் குணம். நெகட்டிவிலுள்ள வெள்ளித் துகள்கள் தம் மேல் படும் ஒளியைச் சிதறடிக்கும். நேராக வரும் ஒளியில் இப்படிச் சிதறியது லென்ஸைத் தவறவிட்டு வெளியே போய்விடுகிறது. துகள் அடர்ந்த இடத்தில் இழப்பு அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. ஆகவே அதே நெகட்டிவ் கண்டென்சரில் ஏறக்குறைய ஒரு கிரேடு (பேப்பரின் கான்ட்ராஸ்ட் அளவு) கூடுதல் கான்ட்ராஸ்ட் காட்டும். 1909-இல் இதை அளந்து எழுதியவர் பெயரால் இது காலியர் விளைவு எனப்படுகிறது. கீறலும் தூசியும் இதே காரணத்தால்தான் கண்டென்சரில் பளிச்சென்று தெரிகின்றன. கலர் ஹெட்டின் பரவொளி அவற்றைப் பாதி மறைத்துவிடும். இல்ஃபோர்ட் எக்ஸ்.பி.2 போன்ற பிலிம்களில் கடைசியில் மிஞ்சுவது வெள்ளியல்ல, சாயம். சாயம் ஒளியைச் சிதறடிப்பதில்லை என்பதால் அவற்றில் இரண்டு தலைக்கும் இடையே கான்ட்ராஸ்ட் வித்தியாசம் அநேகமாக இராது. கண்டென்சர் பிரிண்ட் ‘கூர்மையாக’ இருப்பதாகச் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கூடுதல் கான்ட்ராஸ்ட்தான். இரண்டையும் ஒரே கான்ட்ராஸ்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அந்த வாதம் வெகுவாக அடங்கிவிடும்.

இனி பேப்பர். ஒரே தாளில் எல்லா கிரேடும் தரும் மல்டிகிரேடு பேப்பரில் நீல ஒளி கான்ட்ராஸ்டை ஏற்றும், பச்சை ஒளி இறக்கும். மெஜந்தா பச்சையைத் தடுக்கிறது, மஞ்சள் நீலத்தைத் தடுக்கிறது. கலர் ஹெட்டில் இரண்டு குமிழைத் திருகினால் போதும், கிரேடுகளுக்கு இடைப்பட்ட அளவும் கிடைக்கும். கண்டென்சர் வைத்திருப்பவர் தனி ஃபில்டர் செட் வாங்க வேண்டும். இல்ஃபோர்ட் செட்டில் 00 முதல் 5 வரை 12 ஃபில்டர்கள். 00 முதல் 3½ வரை எக்ஸ்போஷர் நேரம் மாறாது, 4-லிருந்து இரட்டிப்பு. நெகட்டிவுக்கு மேலே ஃபில்டர் டிராயர் உள்ள மாடலையே தேடுங்கள். லென்ஸுக்குக் கீழே மாட்டும் ஃபில்டர் பிம்பத்தின் பாதையிலேயே நிற்கிறது. கைரேகையோ கீறலோ விழுந்தால் பிம்பமே மங்கும். சாய ஃபில்டர்கள் காலப்போக்கில் வெளுக்கும். கலர் ஹெட்டின் டைக்ரோயிக் ஃபில்டர்கள் கண்ணாடி மேல் மெல்லிய படலங்கள், அவை வெளுப்பதில்லை.

கலர் ஹெட்டுக்கும் எல்லை உண்டு. குமிழின் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டர்ஸ்டிலேயே மெஜந்தா 130-இல் முடியும் தலையும் உண்டு, 170 வரை போவதும் உண்டு. எந்த எண் எந்த கிரேடு என்ற அட்டவணையைப் பேப்பர் கம்பெனியே தருகிறது. சில தலைகளில் மெஜந்தாவை முழுக்க ஏற்றினாலும் முழு 5-ஆம் கிரேடு எட்டாது. அப்போது குமிழ்கள் மூன்றையும் பூஜ்யத்தில் வைத்து, லென்ஸுக்குக் கீழே 5-ஆம் ஃபில்டரை மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கலர் ஹெட் செத்துப்போவது பெரும்பாலும் மின்சாரத்தால். பல்பு 12 வோல்ட், 24 வோல்ட், 82 வோல்ட் என்று மாடலுக்கு மாடல் மாறும். அதற்குரிய டிரான்ஸ்பார்மர் கூடவே வருகிறதா என்பதே முதல் கேள்வி. தலை தனியாக, டிரான்ஸ்பார்மர் இல்லாமல் விற்பனைக்கு வந்தால் மலிவைக் கண்டு மயங்க வேண்டாம். பிறகு மெஜந்தாவை முழுக்க ஏற்றி அடிப்பலகையில் ஒளியைப் பாருங்கள். ஒரே சீரான இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், ஒரு ஓரம் வெளுத்திருக்கக் கூடாது. பூஜ்யத்துக்கு இறக்கினால் நிறத்தின் சுவடே மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் ஃபில்டர் முழுதாகப் பின்வாங்கவில்லை, உள்ளே கம்பியோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது. பல்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் கண்ணாடி இருக்கிறதா பாருங்கள். பழுது பார்த்தவர் திரும்ப மாட்ட மறந்திருப்பது உண்டு. ஒளியைக் கலக்கும் அந்த வெள்ளைப் பெட்டி, அதாவது கலவைப் பெட்டி, நெகட்டிவ் அளவுக்குப் பொருந்த வேண்டும். 35 மி.மீ. பெட்டியில் 6×6 செ.மீ. நெகட்டிவ் வைத்தால் மூலைகள் இருண்டுவிடும். 6×6 பெட்டியில் 35 மி.மீ. வைத்தால் கொஞ்சம் ஒளி வீணாகும், அவ்வளவே.

கண்டென்சர் ஹெட்டில் கெட்டுப்போக அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் அதன் பல்பு சாதாரணப் பல்பு அல்ல. அது கண்ணாடி முழுக்கப் பால்நிறமாக, உச்சியில் எழுத்து அச்சிடாமல் வரும் பல்பு, வழக்கமாக 75 அல்லது 150 வாட். தெளிந்த கண்ணாடிப் பல்பைப் போட்டால் நடுவில் ஒளித்திட்டு விழும். உச்சியில் எழுத்திருந்தால் அதன் நிழல் பிரிண்டில் மெல்லிய கறையாக வந்து குழப்பும். பல்பை மேலும் கீழும் நகர்த்தும் தண்டு இருக்கும். நெகட்டிவ் இல்லாமல், லென்ஸை எஃப்/8-இல் வைத்து, அடிப்பலகை முழுக்க ஒரே வெளிச்சம் வரும்வரை நகர்த்த வேண்டும். கண் ஏமாற்றும். பேப்பரில் நடுச் சாம்பல் வரும்படி ஓர் எக்ஸ்போஷர் கொடுத்து, மூலைகளையும் நடுவையும் ஒப்பிடுவதே நம்பகமான வழி. 50 மி.மீ. லென்ஸிலிருந்து 80-க்கு மாறும்போது பல மாடல்களில் கண்டென்சர்களையும் மாற்றவோ இடம் பெயர்க்கவோ வேண்டும். அந்தக் கண்ணாடி தொலைந்திருந்தால் 6×6 கனவை மறந்துவிடலாம்.

பால்பல்பு கிடைக்காதவர்கள் எல்.இ.டி. போடுகிறார்கள். நடக்கும், நிபந்தனையோடு. வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பச்சைக்கு முன் பள்ளம் விழுகிறது. அதனால் ஃபில்டர் கிரேடுகளின் இடைவெளி மாறும், பெட்டியில் அச்சிட்ட நேரக் கணக்கும் பொய்க்கும். சில பல்புகள் அணைத்த பிறகும் மினுக்கும். சோதனை எளிது: ஒரே பேப்பரில் ஒரு பகுதிக்கு ஒரே தடவையாக 8 விநாடி, அடுத்ததற்கு 2 விநாடியாக 4 தடவை. இரண்டு சாம்பலும் ஒத்துப்போகாவிட்டால் பல்பு ஏறி இறங்க நேரம் எடுக்கிறது. அப்போது டெஸ்ட் ஸ்டிரிப்பை (நேரம் கண்டுபிடிக்கப் படிப்படியாக எக்ஸ்போஷர் கொடுத்த பேப்பர் துண்டு) நம்ப முடியாது. இழைப் பல்பிலும் இது கொஞ்சம் உண்டு. எக்ஸ்போஷரை 10 விநாடிக்கு மேல் வைத்துக்கொண்டால் பிழை சுருங்கும்.

வெப்பத்தில் கண்டென்சருக்குத்தான் தொல்லை அதிகம். 150 வாட் பல்பின் சூட்டில் கண்ணாடியில்லாத கேரியரில் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) உள்ள நெகட்டிவ், அதிலும் 6×6, நடுவில் பொங்கிக் குவியம் தப்பிவிடும். பல்பை அரை நிமிடம் எரியவிட்டுப் பிறகு ஃபோகஸ் செய்வது ஒரு வழி. கண்ணாடிக் கேரியர் இன்னொரு வழி. ஆனால் அதில் தூசி துடைக்க நான்கு பரப்புகள் கூடும், மேல் கண்ணாடி நியூட்டன் வளையம் (பிலிம் கண்ணாடியை ஒட்டும்போது தோன்றும் வளையக் கோடுகள்) விழாத வகையாகவும் இருக்க வேண்டும். சில கலர் ஹெட்டுகளில் விசிறி உண்டு. அதன் அதிர்வு தூணுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் இரண்டுக்கும் பொது: 35 மி.மீ.க்கு 50, 6×6-க்கு 75 அல்லது 80, மரை பெரும்பாலும் 39 மி.மீ. ஆறு கண்ணாடி லென்ஸான எல்-நிக்கோர் 50 எஃப்/2.8, கம்போனான்-எஸ், ரோடகான் எதுவானாலும் சரி, பூஞ்சை இல்லாதிருந்தால் போதும். எஃப்/5.6 அல்லது 8-இல் வேலை செய்யுங்கள்.

எந்தத் தலையானாலும் மட்டம் பார்க்காமல் பிரிண்ட் அடிக்கக் கூடாது. முதலில் அடிப்பலகை, அடுத்து நெகட்டிவ் தளம், கடைசியில் லென்ஸ் தளம் என்ற வரிசையில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். முழுக்கக் கறுத்த பிலிம் துண்டில் ஊசியால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் சிலுவைக் கோடு கீறி, லென்ஸை முழுதாகத் திறந்து, கிரெயின் ஃபோகஸரால் (அடிப்பலகையில் விழும் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) ஐந்து இடமும் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் ஒன்று கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் சாய்வு. மெல்லிய தகடு கொடுத்து நிமிர்த்துங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் குறை, தகடு உதவாது.

மல்டிகிரேடு பேப்பரில் வீட்டில் பிரிண்ட் அடிப்பவருக்கு, டிரான்ஸ்பார்மரும் சரியான பெட்டியும் கூடவே இருந்தால், கலர் ஹெட்டே நல்லது. தூசி துடைப்பதில் மட்டுமே எவ்வளவோ நேரம் மிச்சம். நெகட்டிவ்கள் மெலிந்து தட்டையாக இருப்பவருக்கும், மின்சாரச் சிக்கலே வேண்டாம் என்பவருக்கும் கண்டென்சர். எதை எடுத்தாலும் பிலிமை டெவலப் செய்யும் நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். கண்டென்சருக்கு 10 முதல் 15 சதவீதம் குறைத்தால் நெகட்டிவ் 2 அல்லது 2½ கிரேடில் வந்து உட்காரும். கலர் ஹெட்டுக்கென்று டெவலப் செய்த பழைய ரோல்களைக் கண்டென்சரில் அடிக்க நேர்ந்தால் ஒரு கிரேடு குறைந்த ஃபில்டரில் தொடங்குங்கள்.